பஸ் டிக்கெட்டின் முனை

அந்த ஆளின் கருவிழியில் இரும்புத் தூள் ஒட்டியிருந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் கண் கிளினிக் என்றால் அது தினசரி வருவதுதான். மேலிமையைத் திருப்பியபோது, உள்பக்கத்தில் ரோஸ் கலரில் ஒரு நார் கிடந்தது. அதுதான் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. கண்ணைச் சோதிக்கும் ஸ்லிட் லாம்ப்பின் வெளிச்சத்தை ஒல்லியாக்கி, பெரிதாக்கிப் பார்த்தேன். காகித நார். பண்ருட்டி போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர் கிழித்துத் தரும் டிக்கெட்டின் அதே ரோஸ்.

"யார் எடுத்துவிட்டாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் எடுக்கலைங்க. தானா உறுத்திகினு கெடக்குது."

"பஸ் டிக்கெட்டாலதானே எடுத்தாங்க?"

தாடையை வைக்கும் தாங்கியில் அவர் வாய் இறுகிக்கொண்டது. எனக்குப் பதில் தேவைப்படவும் இல்லை. அவர் வேலை செய்யும் கேங்கில் கண்ணில் தூசி எடுப்பது யார் என்று எனக்குத் தெரியும். என் அண்ணன்.

அந்த நிமிஷத்தில்தான் யோசனை வந்தது. தூசி விழுந்த உடனே இவர்கள் யாரும் கிளினிக்குக்கு வருவதில்லை. கெட்டுப்போன பிறகுதான் வருகிறார்கள். அப்படியானால் நான் அங்கே போனால் என்ன? சுரங்கத்தின் கேட்டுக்கு வெளியே, ஷிஃப்ட் விடும் நேரத்தில், டீக்கடை பெஞ்சில்? ஃபோனில் மாட்டும் குட்டி லென்ஸ் ஒன்று என்னிடம் இருந்தது. கண் கழுவும் உப்புநீர் பாட்டில்கள் கிளினிக்கில் இருந்தன. டாக்டர் வந்து உட்கார்ந்து, ஊசியைப் பிரித்து, "வெளிச்சத்தை சரியா வை" என்று சொல்வதற்குள் என் தலைக்குள் பெஞ்சு, குடை, வரிசையில் நிற்கும் ஆட்கள் எல்லாம் தயாராகிவிட்டன. நான் அப்படித்தான். படிக்கிற காலத்திலேயே, கேள்வியை முழுசாகக் கேட்பதற்குள் கையைத் தூக்குகிற ஆள்.

டாக்டர் அந்தத் தூளை எடுத்ததை அன்றைக்குத்தான் கூர்ந்து பார்த்தேன். மரத்துப்போகும் சொட்டு மருந்தை விட்டால் கண்ணுக்கு வலி தெரியாது. ஆனால் ஊசி வருவது தெரியும். நிறையப் பேருக்கு அதுதான் தாங்காது. வலியே இல்லாமல் கத்துவார்கள். "ஊசியைப் பாக்காதீங்க. என் காதைப் பாருங்க. கம்மல் என்ன கலர், சொல்லுங்க" என்பார் டாக்டர். ஆள் கம்மலைத் தேடும்போது ஊசியின் முனையைப் படுக்கைவாட்டில் கொண்டுபோய், சோற்றுப் பருக்கையை நகத்தால் நெம்புகிற மாதிரி ஒரு நெம்பு. அவ்வளவுதான். அதன் அடியில் துரு படிந்திருந்தால் அதையும் சுரண்ட வேண்டும். இரும்பு கண்ணீரில் ஒரே நாளில் துருப்பிடித்துவிடும். தூளை எடுத்தாலும் அதன் வளையம் கருவிழியிலேயே நிற்கும். பஸ் டிக்கெட்டால் அதை எடுக்க முடியாது.

எங்கள் கிளினிக்கில் பெரிய ஆபரேஷன் எதுவும் கிடையாது. இமையில் கட்டி வந்தால் இமையைத் திருப்பி, உள்பக்கமாகக் கீறி வழித்துவிடுவோம். உள்நோக்கி வளர்ந்து குத்தும் முடியைப் பிடுங்கிவிடுவோம். கண்ணீர் வடிந்துகொண்டே இருந்தால் மூக்குக்குப் போகும் வழி அடைத்திருக்கிறதா என்று தண்ணீர் செலுத்திப் பார்ப்போம். வந்தவர்கள் அன்றைக்கே எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். கண் பரிசோதனைப் படிப்பான ஆப்டோமெட்ரி முடித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தபோது, இதெல்லாம் ரொம்பச் சின்னதாக இருக்கிறதே என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது. சின்ன விஷயம் என்று நான் நினைத்ததைத்தான் என் அண்ணனும் நினைத்திருந்தான்.

கேங்கில் அவர்கள் செய்வது இதுதான். நிலக்கரியைச் சுமந்துவரும் கன்வேயர் பெல்ட்டின் உருளைகளைக் கழற்றிக் கொண்டுவருவார்கள். தேய்ந்ததை வெட்டி, வெல்டிங் வைத்து, கிரைண்டிங் மெஷினில் உராய்வார்கள். பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள். சித்திரை வெயிலில், தகரக் கொட்டகையில், வியர்வை ஆவியில் அது பனிமூட்டம் போட்டுவிடும். பார்வை தெரியாமல் மெஷின் பிடித்தால் விரல் போகும். அதனால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிடுவார்கள். விரலா கண்ணா என்றால் எல்லாரும் விரலைத்தான் காப்பாற்றுவார்கள், ஏனென்றால் விரல் உடனே போகும்.

தூள் விழுந்தால் ஃபர்ஸ்ட் எய்டுக்குப் போகக் கூடாது. அப்படி எழுதிவைத்த சட்டம் கிடையாது. போனால் சேஃப்டி ஆள் வருவார், எல்லாரையும் நிறுத்திவைத்துப் பாடம் எடுப்பார், அன்றைய வேலை கெடும், காண்ட்ராக்டர் மறுநாள் 'நீ இனிமே வர வேண்டாம்' என்பார். அதனால் கேங்குக்குள்ளேயே ஒருவர் எடுப்பார். அண்ணனுக்குக் கை நடுங்காது. தீக்குச்சியை இமைமேல் வைத்து, முடியைப் பிடித்து மேலே திருப்பி, டிக்கெட்டை மூலைவாட்டில் இரண்டாக மடித்து, அந்த முனையால் தொட்டு எடுத்துவிடுவான். புது டிக்கெட்டுதான் வேண்டும், கசங்கினது வளையும். அதற்காகவே தலைக்கவசத்தின் உள்பட்டையில் டிக்கெட்டுகளைச் செருகிவைத்திருப்பான். ரோஸ் டிக்கெட் மொடமொடப்பாக இருக்குமாம். கவர்மென்ட் பஸ் டிக்கெட் வழவழவென்று சுருண்டுகொள்ளுமாம். கேங்கில் அவனைக் 'கண்ணு டாக்டர்' என்பார்கள். அவனுக்கு அது பிடித்திருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் அவனிடம் ஆரம்பித்தேன். அம்மா சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வீட்டுவேலை முடித்துவந்து அப்போதுதான் உட்கார்ந்திருந்தாள்.

"ரோஸ் நாரு ஒண்ணு இன்னிக்கு எங்க கிளினிக்குக்கு வந்துச்சு."

"வந்தா டிக்கெட்டு கேட்டியா?" என்றான்.

"வெளாடாத. அந்த ஆளுக்கு உள்ள துரு நின்னுபோச்சு. நீ எடுத்தது மேல இருந்த தூளத்தான்."

"மேல இருந்ததத்தான எடுக்க முடியும்? பூமியத் தோண்டறதுக்கு வேற மெஷின் கீது."

"இனிமே என்கிட்ட அனுப்பு. நான் டீக்கடைக்கே வரேன்."

அவன் சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தான். "கேட்டியாம்மா? நாலு வருஷம் படிக்கவச்சோம். இப்ப எம்பொழப்புல கைய வக்க வந்துகினு கீறா."

"அவ சொல்றது நல்லதுக்குத்தானடா" என்றாள் அம்மா.

"நல்லதுதான். டாக்டரம்மா வந்து பெஞ்சுல உக்காந்தா ஆளுங்க டீ குடிக்கக்கூட வரமாட்டானுங்க. கண்ணுல தூசி விழுந்துச்சுன்னு வெளிய தெரியறதே அவனுங்களுக்கு பயம். பர்மனென்ட் பேரு வர்ற நேரம்."

அதுதான் எங்கள் வீட்டின் ஒரே பேச்சு. அப்பா இதே சுரங்கத்தில் காண்ட்ராக்ட்டாகச் சேர்ந்து, காண்ட்ராக்ட்டாகவே செத்துப்போனார். பிறர் நிலத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்த குடும்பத்திலிருந்து சுரங்கத்துக்குள் இறங்கிய முதல் ஆள் அவர். பர்மனென்ட் என்ற சொல்லை அவர் சாமி பேரைப்போலச் சொல்வார். இப்போது பர்மனென்ட் ஆக்கும் பட்டியலில் அண்ணன் பெயர் வந்திருந்தது. மிச்சமிருந்தது மருத்துவப் பரிசோதனை மட்டும். ரத்தம், எக்ஸ்ரே, காது, கண்.

டாக்டர் என் யோசனைக்கு ஒத்துக்கொண்டார். அவர் கணவர் டவுன்ஷிப்பில் இன்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். இந்த ஆட்களின் பயமும் தெரியும், மேலிருப்பவர்களின் பேச்சும் தெரியும். "நீ ஒண்ணும் எடுக்கக்கூடாது. பாரு, கழுவு, இங்க அனுப்பு. கையில ஊசி இருந்துச்சுன்னா மறுநாள்ல இருந்து நீ இங்க வர வேண்டாம்" என்றார்.

டீக்கடையில் முதல் சில நாட்கள் எனக்கு வந்தது கேலி மட்டும்தான். "பாப்பா, எம்பொண்டாட்டி கண்ணுக்கு நான் தெரியவே மாட்டேங்கறேன். அதுக்கு சொட்டு மருந்து இருக்குதா?" என்று ஒருத்தர். "தெரியாம இருக்கறதாலதான் மாமா இன்னும் உன்கூடக் குடும்பம் நடத்துது" என்று இன்னொருத்தர். நானும் சிரித்தேன். எனக்குக் கேலியெல்லாம் உறைக்காது. பனிமூட்டம் போடாமலிருக்க அவர்களுடைய கண்ணாடிகளில் பாத்திரம் தேய்க்கும் சோப்பை மெல்லப் பூசித் துடைத்துக் கொடுத்துப் பார்த்தேன். அரை மணிநேரம் தாங்குகிறது, அப்புறம் வியர்வையோடு கரைந்து கண்ணுக்குள்ளேயே எரிகிறது என்றார்கள். தோல்வி. ஷேவிங் நுரையைப் பூசினேன். அதுவும் தோல்வி. மூன்றாவதாக என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அண்ணன் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"மெட்ராஸ் ஐ" என்றான். "யாரும் பாக்காதீங்க, ஒட்டிக்கும்."

அம்மா பயந்துபோய் அவன் துண்டைத் தனியாக வைத்தாள். குவார்ட்டர்ஸ் தோட்டத்திலிருந்து நந்தியாவட்டைப் பூ பறித்துவந்து, தண்ணீரில் போட்டு, கண்ணை மூடி ஒற்றிக்கொள்ளச் சொன்னாள். அவனும் ஒற்றிக்கொண்டான். அந்தச் சமயம் ஊரெல்லாம் மெட்ராஸ் ஐ இருந்தது. கிளினிக்கில் சிவப்புக் கண்களாகப் பார்த்துப் பார்த்து அலுத்திருந்தேன். வீட்டிலும் ஒன்று என்று விட்டுவிட்டேன். அவனும் என்னைப் பார்க்கவிடவில்லை. நான் அறைக்குள் வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான்.

ஒரு காலையில் அவன் முற்றத்துக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். வெயில் நேரே விழுந்தது. அவன் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு இடது கண்ணால் மட்டும் சோப்பைத் தேடினான். மெட்ராஸ் ஐ என்றால் பொதுவாக இரண்டாவது கண்ணுக்கும் பரவியிருக்கும். இமை காலையில் பீளையில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் வெளிச்சத்தை இப்படித் தாங்க முடியாமல் போகாது. நான் ஓடிப்போய்க் கையை விலக்கினேன்.

"வுடுடி!"

"கைய எடு."

"வுடுன்னு சொல்றேன்ல!"

விடவில்லை. இமையை விரித்தேன். கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. அதைப் பார்க்க லென்ஸ் தேவைப்படவில்லை. வாசலில் நின்ற அம்மாவுக்கே தெரிந்தது. "அது இன்னாடி வெள்ளையா?" என்று கேட்டாள். அண்ணனை ஈரமுகத்தோடே வண்டியில் ஏற்றினேன்.

வழியில்தான் சொன்னான். கிரைண்டிங்கில் தூள் தெறித்திருக்கிறது. கேங்கில் எல்லாருக்கும் எடுத்துவிட்டவனுக்கு எடுத்துவிட ஆள் இல்லை. பக்கத்து மெஷினில் நிற்கும் குள்ளஞ்சாவடிக்காரர், அவனுடைய நெருங்கிய கூட்டாளி, இவனுடைய தலைக்கவசத்திலிருந்தே ஒரு டிக்கெட்டை உருவி எடுத்துவிட்டிருக்கிறார். இவன் கீழே உட்கார்ந்து, 'இன்னும் படுக்கவை, இன்னும் மெதுவா' என்று சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

"எடுத்துட்டான். நல்லாத்தான் எடுத்தான்" என்றான். "அப்புறம் உறுத்தல் நிக்கவே இல்ல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ டாக்டர்கிட்ட இட்டுகினு போவ. கேங்குல கண்ணு டாக்டருக்கே கண்ணுல ஊசின்னு பேசுவானுங்க. மெடிக்கலு வர்ற நேரத்துல எவனாவது போட்டுக்குடுத்தா?"

டாக்டர் ஸ்லிட் லாம்ப்பில் நிறைய நேரம் பார்த்தார். அவர் பேசாமல் பார்க்கும் நேரம் நீண்டால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். துரு வளையம். அதைச் சுற்றி, வெள்ளையாக, ஓரம் தெளிவில்லாமல், சீழ்ப்புண். தலைக்கவசத்துக்குள் வியர்வையில் ஊறி, பல விரல்கள் பட்ட காகிதத்தின் முனை, கருவிழியில் திறந்து கிடந்த காயத்தின் மேல்.

"என் காதைப் பாரு தம்பி" என்றார்.

"கம்மல் பச்சைங்க" என்றான் அண்ணன் உடனே. அவனுக்கு இந்த வித்தையெல்லாம் நான் சொல்லியிருக்கிறேன்.

நான் அவன் தலையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். பிளேடின் முனையால் டாக்டர் புண்ணை வழித்து, கண்ணாடிச் சில்லில் தடவினார். அந்தச் சில்லு சோதனைக்குக் கடலூர் போக வேண்டும். துருவையும் முடிந்த அளவு சுரண்டினார். அண்ணனுடைய பின்கழுத்து என் விரல்களுக்குக் கீழே குளிர்ந்து வியர்த்தது. அவன் கத்தவில்லை. "இதுக்கு எங்க டிக்கெட்டே தேவலாம்" என்று மட்டும் முணுமுணுத்தான். டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

கட்டுப் போட வேண்டும் என்று அண்ணன் காத்திருந்தான். "கட்டு கூடாது. சீழ் இருக்கும்போது மூடிவச்சா உள்ளயே வேகும். சொட்டு மருந்து ஒவ்வொரு மணிக்கும் விடணும், தூக்கத்துலயும்" என்றார் டாக்டர். பிறகு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "ஆறும். ஆனா தழும்பு விழும். கண்மணிக்கு நேரா விழுது. நடுவுல."

நான் அப்போதும் ஏதோ யோசனைகளோடு ஆரம்பித்தேன். இந்த மருந்து, அந்த மருந்து, லேசர், கருவிழி மாற்று. டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். "முதல்ல கண்ணைக் காப்பாத்துவோம்மா. பார்வையை அப்புறம் பாப்போம்."

அந்தக் காலம் மணிக்கணக்கில்தான் நகர்ந்தது. அம்மாவும் நானும் மாறி மாறிச் சொட்டு விட்டோம். அம்மாவுக்குச் சொட்டு விடத் தெரியாமல் கன்னத்தில் விழும். "கண்ணுக்கு விடும்மா, காதுக்கு இல்ல" என்பான் அண்ணன். வேலை செய்யும் வீட்டில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அம்மாவுக்குச் சொல்லியிருந்தான். அவளும் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டுத் தோட்டத்தில் நந்தியாவட்டைச் செடியைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதாகப் பின்னாளில் ஒருமுறை சொன்னாள்.

குள்ளஞ்சாவடிக்காரர் வீட்டுக்கு வந்தார். பலாப்பழம் ஒன்றைச் சாக்கில் கட்டி வண்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். அதை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வராமல் நின்றார்.

"உள்ள வாங்கண்ணே" என்றேன்.

"வேணாம் தங்கச்சி. அவன் முழிச்சிகினு இருக்கானா?"

"இருக்கான்."

"நான்தாம்மா எடுத்தேன். அவன் எடுக்கற மாதிரியே எடுத்தேன். அவன்தான் சொல்லிக்குடுத்துகினு இருந்தான்."

"தெரியும்ண்ணே. சொன்னான்."

"அவன் எத்தினி பேருக்கு எடுத்திருப்பான். யாருக்கும் ஒண்ணும் ஆவலியே."

ஆகியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். ரோஸ் நார் ஒரு ஆளுக்குத் துருவோடு நின்றது. இன்னும் யார் யார் கண்ணில் என்னென்ன நிற்கிறதோ, அவர்கள் வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் வாசலில் நிற்கிற மனிதரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உள்ளிருந்து அண்ணன் கத்தினான்: "பழத்த வச்சிட்டு ஓடப் பாக்கறியா? உள்ள வந்து சொள எடுத்துக் குடுத்துட்டுப் போ. அதுவாச்சும் ஒழுங்கா எடுக்கறியான்னு பாக்கலாம்."

அவர் உள்ளே வந்தார். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை சுளையாக எடுத்து அடுக்கினார். அண்ணன் ஒன்றைக்கூடத் தின்னவில்லை.

புண் ஆறியது. சிவப்புப் போனது. வெளியிலிருந்து பார்த்தால், கிட்டே வந்து உற்றுப் பார்த்தால் மட்டும், கருவிழியில் மூச்சு ஊதின கண்ணாடிபோல ஒரு மங்கல். அவன் அந்தக் கண்ணால் என் முகத்தைப் பார்த்து, "நீ இப்பத்தான் அழகா கீற. மூக்கு தெரியல" என்றான்.

மருத்துவப் பரிசோதனைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அதற்கு முன்பு ஒரு சாயங்காலம் கிளினிக் மூடும் நேரத்தில் வந்தான். எங்களிடம் இருப்பது பழைய சுற்றும் பெட்டி. உள்ளே விளக்கு, நாலு பக்கமும் நாலு வகை எழுத்து. கயிற்றை இழுத்தால் திரும்பும். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் இங்கிலீஷ், ஒரு பக்கம் எண்கள், எழுத்துத் தெரியாதவர்களுக்காக நாலு திசைக்கும் திரும்பி நிற்கும் E மட்டும் ஒரு பக்கம். "இப்ப நல்லாத் தெரியுது. டெஸ்ட் பண்ணு" என்றான்.

இடது கண்ணை மூடச் சொன்னேன். பழக்கத்தில் பெட்டியைப் பார்க்காமலே கயிற்றை இழுத்துவிட்டு, "கீழ இருந்து ரெண்டாவது வரி" என்றேன்.

கடகடவென்று படித்தான். ஒரு எழுத்துக்கூடத் திக்கவில்லை. புண் ஆறும்போது மங்கல் கொஞ்சம் தெளியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், ஆனால் இவ்வளவா? டாக்டருக்கு ஃபோன் போட வேண்டும் என்று திரும்பினேன். அப்போதுதான் பெட்டியைப் பார்த்தேன். அவன் படித்தது அத்தனையும் தமிழ் எழுத்து. நான் திருப்பிவைத்திருந்தது E பக்கம்.

அவன் இன்னும் படித்துக்கொண்டிருந்தான். அடுத்த வரிக்கும் போய்விட்டான். சிகிச்சைக்கு வந்த நாட்களில், நான் வெளியே ஆட்களைக் கவனிக்கும்போதெல்லாம் அவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, நல்ல கண்ணால் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்திருக்கிறான். எந்தப் பக்கம் எரிகிறது என்றுகூட அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை.

"போதும்" என்றேன்.

"கரெக்டா?"

அவன் கையை எடுத்து இடது கண்ணால் பெட்டியைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு சிரித்தான். "மாத்திட்டியா? எமகாதகி."

"அங்கயும் மாத்துவாங்கண்ணா."

"மாத்துனா மாத்தட்டும். நாலு பக்கமும் பண்ணிகினு போறேன்."

"E எந்தப் பக்கம் பாக்குதுன்னு எப்படி மனப்பாடம் பண்ணுவ?"

"அதான் அதுக்குப் பேரு டெஸ்ட்டு" என்று எழுந்து போய்விட்டான்.

பரிசோதனைக்கு நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று அம்மாவைக்கூட விட்டுவிட்டுத் தனியாகப் போனான். திரும்பிவந்தவன் செருப்பைக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்தான். அம்மா தண்ணீர் கொண்டுவந்தாள். வாங்கிக் குடித்துவிட்டு, "ரத்தம் நல்லா கீதாம். எக்ஸ்ரே நல்லா கீதாம். காது நாய்க்காதுன்னாங்க" என்றான்.

"கண்ணு?" என்றாள் அம்மா.

"E வச்சாங்க."

மறுபடி ஒரு முறை பார்ப்பார்களாம். அதற்குள் சிகிச்சை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒருமுறைக்கு அப்புறம் இல்லை. அம்மா அப்பாவின் படத்தைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் பார்க்கவில்லை. அடுப்பில் ஏதோ வைத்ததைப்போல எழுந்து சமையற்கட்டுக்குப் போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

டீக்கடையில் இப்போது எனக்கு வேலை இருக்கிறது. அண்ணன் மெஷினுக்குப் போகவில்லை. தலைக்கவசங்களில் யாரும் டிக்கெட் செருகுவதில்லை. ஷிஃப்ட் விட்டதும் நேரே என் பெஞ்சுக்கு வந்து, கேட்காமலே முகத்தை அண்ணாந்து காட்டுகிறார்கள். "பாப்பா, உறுத்துதும்மா, பாரு." கழுவுகிறேன், பார்க்கிறேன், கிளினிக்குக்கு அனுப்புகிறேன். நான் மனதில் வரைந்த வரிசை அச்சு அசலாக அப்படியே நிற்கிறது. குடைகூட இருக்கிறது, டீக்கடைக்காரரே கொண்டுவந்து நட்டார். வரிசை ஏன் வந்தது என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் இப்போதெல்லாம் யாரும் பெண்டாட்டி ஜோக் சொல்வதில்லை.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. தழும்பு மங்கலாக இருப்பது பாதி, அதன் மேல்பரப்பு கரடுமுரடாக இருப்பது மீதி என்றார் டாக்டர். கரடுமுரடுக்கு மூக்குக்கண்ணாடி உதவாது. கெட்டியான கான்டாக்ட் லென்ஸ் ஒன்றை மேலே வைத்தால், இடையில் கண்ணீர் நிரம்பி மேடுபள்ளத்தைச் சமன் செய்யும். சிலருக்கு எழுத்துப் பெட்டியில் இன்னும் நாலைந்து வரிகள்கூடத் தெரிந்துவிடும். சிலருக்கு ஒன்றும் ஆகாது. "தெரிஞ்சாலும் அந்த லென்ஸோட கிரைண்டிங்ல நிக்க முடியாது. தூசி அடியில போனா இருக்கற கண்ணும் போயிடும். ஸ்டோர் மாதிரி வேலை கேக்கணும். குடுப்பாங்களா தெரியாது. லென்ஸ் போட்டுப் பாத்ததை ஒத்துப்பாங்களான்னும் எனக்குத் தெரியாது" என்றார். அவர் எதையும் மறைத்துச் சொல்லமாட்டார்.

அண்ணனிடம் அத்தனையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "போட்டா தெரியுமா?" என்றான்.

"தெரியலாம்."

"தெரியும்னு சொல்லேன்."

"போட்டுப் பாத்துதான் சொல்ல முடியும்."

"படிச்சவளே இப்படித்தான். அந்த அம்மா போட வேணாம். நீ போடு."

"நான் இதுவரைக்கும் யாருக்கும் கெட்டி லென்ஸ் போட்டதில்லண்ணா. படிக்கும்போது மாடல் கண்ணுலதான் போட்டேன்."

"கையாச்சும் நடுங்காதுல்ல? நம்ம கையி."

வரும் ஞாயிற்றுக்கிழமை கிளினிக் மூடியிருக்கும். டாக்டர் வந்து கூட இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அளவு பார்க்க ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் லென்ஸ் பெட்டியை ஒரு கம்பெனிக்காரரிடமிருந்து வரவழைத்துவிட்டார். நேற்றிலிருந்து என் கண்ணிலேயே போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன். முதலில் வைக்கும்போது ஒரு மணல் துகள் விழுந்ததைப்போல உறுத்துகிறது; கை தானாக இமையைக் கசக்கப் போகிறது; அவர்கள் எல்லாரும் எதற்காக யாரையாவது கூப்பிட்டு 'எடுத்துவிடு' என்றார்கள் என்று இப்போதுதான் உடம்புக்குத் தெரிகிறது. கசக்காமல் தரையைப் பார்த்துக் காத்திருந்தால் உறுத்தல் குறைகிறது.

அவனையும் அப்படித் தரையைப் பார்த்து உட்காரச் சொல்வேன். லென்ஸ் தழும்பின் நடுவில் நிற்கிறதா, நழுவுகிறதா என்று பார்ப்பேன். நழுவினால் அடுத்ததை எடுப்பேன், அதுவும் நழுவினால் அதற்கடுத்தது. நின்ற பிறகு இடது கண்ணை என் உள்ளங்கையால் நானே மூடுவேன். அவன் விரல் இடுக்கை நம்ப மாட்டேன். பெட்டியில் E பக்கத்தைத் திருப்பிவைப்பேன். மேல் வரியிலிருந்து ஆரம்பிப்போம்.